கானாவில் கரன்ட் கட்

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷன் 'ஸ்டார் டிரெக்' போட்டது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவில் டி.வி. இருந்த வீட்டில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்ப்போம். பாதிப் பேருக்கு இங்கிலீஷ் புரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கூர்மையான காதோடு ஒரு ஆள், அவர் புருவத்தைத் தூக்கினால் ஏதோ வம்பு வரப்போகிறது என்று அர்த்தம். அது போதும்.

அமெரிக்காவில் 1966-லிருந்து 1969 வரை ஓடிய தொடர் அது. மொத்தம் 79 எபிசோடுகள். வளர்ந்து, பி.காம். முடித்து, பத்திரிகையில் குப்பை கொட்ட ஆரம்பித்த பிறகு அதை மறுபடி முழுசாகப் பார்த்தேன். சின்ன வயதில் கண்ணில் படாத ஒரு விஷயம் பட்டது. அந்த எண்டர்பிரைஸ் கப்பலில் ஒரு தடவைகூட, 'அப்டேட் நடக்கிறது, தயவுசெய்து கப்பலை அணைக்காதீர்கள்' என்று திரையில் வருவதில்லை! கேப்டன் கிர்க் பாஸ்வேர்டு மறந்துபோய், 'நீங்கள் முதலில் வளர்த்த நாயின் பெயர் என்ன?' என்ற கேள்வியின் முன்னால் திருதிருவென்று முழிப்பதில்லை. கம்ப்யூட்டர் என்று ஒன்று இருக்கிறது. கூப்பிட்டால் பெண் குரலில் பதில் சொல்கிறது. (குரல் கொடுத்தவர் மேஜல் பாரெட். பிற்பாடு தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியையே கல்யாணம் செய்துகொண்டார்.) அதன் புரோகிராமை யார் எழுதினார், எப்போது மாற்றினார், மாற்றியதை யார் சரிபார்த்தார்? யாரும் கேட்பதில்லை.

விஞ்ஞானத் தொடர்களிடம் எனக்குள்ள ரொம்ப நாள் வருத்தம் இது. ஹார்டுவேரை அபாரமாகக் கற்பனை செய்வார்கள். கதவு தானாகத் திறக்கும், மனுஷன் தூளாகி இன்னொரு கிரகத்தில் முழுசாகச் சேர்வான். சாஃப்ட்வேர் என்று வந்தால் ஒரே ஒரு பயம்தான் தெரியும்: மெஷினுக்குப் பைத்தியம் பிடிப்பது. 1968-ல் வந்த ஸ்டார் டிரெக் எபிசோடு ஒன்றில் எம்-5 என்ற கம்ப்யூட்டர் கப்பலையே தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, சொந்தக் கட்சிக் கப்பல்களையே சுடும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் நீங்களும் நானும் தினம் படும் பாடு அது இல்லையே? நம்ம கம்ப்யூட்டருக்குப் பைத்தியமெல்லாம் பிடிப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறது. சொன்னவன் யார் என்பதுதான் பிரச்னை.

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்ட ஒரு தொடர் இருக்கிறது. 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'. 1978-ல் ஒரு தடவை வந்தது. நான் சொல்வது 2003 டிசம்பரில் மினி தொடராக மறுபடி ஆரம்பித்து, 2009 வரை ஓடியது. இதை எழுதி உருவாக்கிய ரொனால்ட் டி. மூர், அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் ஸ்டார் டிரெக் தொடர்களுக்குக் கதை எழுதியவர். அங்கே கேட்க முடியாததையெல்லாம் இங்கே கேட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கதை இதுதான். மனிதர்கள் சைலான் என்ற ரோபோக்களை உண்டாக்குகிறார்கள். அவை திருப்பி அடிக்கின்றன. யுத்தம் நடந்து, நின்று, 40 வருஷம் அமைதி. கேலக்டிகா அந்தப் பழைய யுத்தத்துக் கப்பல். கிழடு. அதை மியூசியமாக மாற்றப்போகிறார்கள். கடைசி நாள் விழா, பரிசுப்பொருள் கடைகூட ரெடி. கப்பலின் கமாண்டர் அடாமா ஒரு பிடிவாதக்காரர். என் கப்பலில் ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டரோடு இணைக்கக்கூடாது என்கிறார். விழாவுக்கு வந்த கல்வி மந்திரி லாரா ராஸ்லின், இனிமேல் மியூசியம்தானே, வரும் ஆசிரியர்களுக்கு வசதியாக இருக்குமே என்கிறார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார் மனுஷர். அந்தக் கப்பலில் போனுக்குச் சுருள் வயர் உண்டு. நம் வீட்டில் ஒரு காலத்தில் இருந்த போன் மாதிரியே.

மற்ற புதுக் கப்பல்களில் எல்லாம் லேட்டஸ்ட் நேவிகேஷன் புரோகிராம். எழுதியவர் கயஸ் பால்டர் என்ற மேதை. எழுதுவதற்குக் கூடமாட ஒத்தாசை செய்தவள் அவருடைய அழகான காதலி. அவள் ஒரு சைலான் என்பது அவருக்குத் தெரியாது. ராணுவத்தின் கம்ப்யூட்டருக்குள்ளேயே அவளை விட்டிருக்கிறார். அவள் புரோகிராமுக்குள் ஒரு கொல்லைப்புறக் கதவு வைத்துவிட்டாள். யுத்தம் ஆரம்பித்த அன்று அதன் வழியாக உள்ளே வந்து, கிட்டத்தட்ட மொத்தப் படையையும் ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடுகிறார்கள். ஒரு குண்டு திருப்பிச் சுடவில்லை. பிழைத்தது மியூசியக் கப்பல். அதிலும் புது விமானங்கள் செத்துப்போக, கண்காட்சிக்காகத் துடைத்து வைத்திருந்த பழைய விமானங்கள்தான் பறந்துபோய்ச் சண்டை போடுகின்றன.

'சரிதான் சார், டி.வி. கதை' என்பீர்கள். நானும் அப்படித்தான் ரசித்தேன். 2017 வரைக்கும்.

அந்த வருஷம் ஜூன் 27-ம் தேதி. உக்ரைனில் எம்.ஈ.டாக் என்று ஒரு அக்கவுன்டிங் சாஃப்ட்வேர். கணக்கு எழுத, வரி தாக்கல் செய்ய. நம்ம ஊர் டாலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற பி.காம். பேர்வழிகள் காலையில் வந்ததும் முதலில் திறப்பது. அதற்கு அவ்வப்போது அப்டேட் வரும். யாரோ அந்தக் கம்பெனியின் சர்வருக்குள் புகுந்து, அப்டேட்டிலேயே விஷத்தைக் கலந்துவிட்டார்கள். அதற்கு நாட்பெட்யா என்று பெயர் வந்தது. ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று 2018 பிப்ரவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் சொல்லின, ரஷ்யா மறுத்தது. பால்டர் எழுதிய புரோகிராமுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் அழகான காதலி இல்லை.

உலகக் கப்பல் சரக்கில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்த மெர்ஸ்க் என்ற டென்மார்க் கம்பெனிக்கு உக்ரைனில் ஒரு சின்ன ஆபீஸ். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு சாஃப்ட்வேர் இருந்தது. ஒன்று போதாதா? சில மணி நேரத்தில் உலகம் பூராவும் அந்தக் கம்பெனியின் திரைகள் வரிசையாகக் கறுத்தன. துறைமுக வாசல்களில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. மும்பை பக்கத்து ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய டெர்மினலும் படுத்துவிட்டது. எதிரி குறிவைத்தது உக்ரைனை. அடி பட்டது நவசேவாவில்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்தக் கதவைத் திறக்கலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். மெர்ஸ்க்குக்கு உலகம் முழுக்க சுமார் 150 இருந்தன. ஒன்றில் எழுதினால் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். ஒன்று போனால் 149 இருக்கிறதே என்ற தைரியத்தில், தனியாக ஒரு பிரதி எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யார் நினைப்பார்கள்? எல்லாம் ஒரே நேரத்தில் போயின.

ஒன்றைத் தவிர. அது கானாவில் இருந்தது. (வடசென்னைக் கானா இல்லை, ஆப்பிரிக்க தேசம்.) அது எப்படிப் பிழைத்தது? ஏதாவது மேதை காப்பாற்றினாரா? இல்லை. தாக்குதலுக்குக் கொஞ்சம் முன்னால் அங்கே கரன்ட் போய்விட்டது! சர்வர் அணைந்து கிடந்தது. விஷம் தேடி வந்தபோது வீட்டில் ஆள் இல்லை.

மின்வெட்டைத் திட்டியே வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி எவ்வளவு ஆறுதல், பாருங்கள்.

கதை அதோடு முடியவில்லை. அந்த டிஸ்கில் இருந்ததை இங்கிலாந்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். கானாவில் நெட் ஸ்பீடு போதாது, நாட்கள் ஆகும். ஆளையே விமானத்தில் அனுப்பலாம் என்றால் அங்கே யாரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. கடைசியில் ஒருவர் டிஸ்கோடு நைஜீரியா பறந்து, அங்கே ஏர்போர்ட்டில் இன்னொரு ஊழியர் கையில் கொடுக்க, அவர் லண்டன் விமானம் ஏறினார். பழைய காலத்து அஞ்சல் ஓட்டக்காரர்கள் மாதிரி கைமாற்றி. 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள், 2,500 அப்ளிகேஷன்கள், எல்லாவற்றையும் பத்தே நாளில் மறுபடி நிறுவினார்கள் என்று கம்பெனியின் சேர்மன் 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார். நஷ்டம் 25 கோடியிலிருந்து 30 கோடி டாலர்.

அந்தப் பத்து நாளும் வியாபாரம் என்ன ஆயிற்று? அளவு 20 சதவிகிதம்தான் குறைந்தது என்றார் அதே சேர்மன். எப்படி? ஊழியர்கள் சொந்த செல்போனில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கினார்கள். காகிதத்தில் எழுதி கன்டெய்னரில் ஒட்டினார்கள். கையால் செய்யத் தெரிந்த ஆட்கள் இன்னும் வேலையில் இருந்தார்கள்.

எதிரி வேண்டும் என்றுகூட இல்லை. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி, தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்ன ஃபைல் அனுப்பியது. வைரஸ் வராமல் காக்கிற வாட்ச்மேன் அந்த சாஃப்ட்வேர். புது ஃபைல் 21 விவரங்களை எதிர்பார்த்தது. அதைப் படிக்கிற புரோகிராமுக்குக் கிடைத்தது 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போய் மெஷின் விழுந்தது. அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டிய புரோகிராமிலும் ஒரு பிழை. பாஸ் போட்டு அனுப்பிவிட்டது.

இருபத்தொன்று எங்கே, இருபது எங்கே! டிரையல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் அடுத்த கணக்குக்குப் போக விடமாட்டார்.

78 நிமிஷத்தில் ஃபைலை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு உறைந்துவிட்டன என்றது மைக்ரோசாஃப்ட். உலகின் விண்டோஸ் மெஷின்களில் ஒரு சதவிகிதத்துக்கும் கீழே. ஆனால் அந்த ஒரு சதவிகிதம் எங்கே இருந்தது? விமான நிலையத்தில், ஆஸ்பத்திரியில், பேங்கில். திருத்தத்தை நெட்டில் அனுப்பலாமே என்றால், எழுந்திருக்கவே முடியாத மெஷின் எப்படி வாங்கிக்கொள்ளும்? பெரும்பாலானவற்றுக்கு ஆள் நேரில் போய், ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு நம்ம ஊர் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். டெல்லியில் ஒரு வெள்ளை போர்டில் மார்க்கரால் விமான விவரங்களை எழுதி வைத்தார்கள். படம் எடுத்துப் போட்டு எல்லாரும் சிரித்தோம். ஆனால் கவனித்தீர்களா, அந்தப் பேனாவும் போர்டும்தான் அன்று சில பேரையாவது ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இதெல்லாம் கப்பல் கம்பெனி, விமானக் கம்பெனி சமாசாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். எனக்கும் இது ஒரு சுவாரசியமான பொழுதுபோக்கு விஷயமாகத்தான் இருந்தது, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் பெரியம்மாவுக்குத் துணைக்கு இருந்த அந்த ராத்திரி வரை. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். பெரியம்மாவுக்குச் சர்க்கரை ஏகத்துக்கு ஏறி அட்மிட் ஆகியிருந்தார். எல்லாக் குறிப்பும் கம்ப்யூட்டரில். சாயங்காலம் ஆறரைக்கு சிஸ்டம் போய்விட்டது. எட்டு மணிக்கு நர்ஸ் ஷிப்ட் மாறியது. புதிதாக வந்த சிஸ்டர் இன்சுலின் ஊசியோடு வந்து நின்றார்.

"சாயங்காலம் ஊசி போட்டாங்களா பாட்டி?"

"போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு தாயி. குத்திக்கிட்டேதான இருக்காக?"

நான் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன். எனக்கும் தெரியாது. முந்தின ஷிப்ட் சிஸ்டர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. போடாமல் விட்டால் சர்க்கரை ஏறும். போட்டதற்கு மேல் மறுபடி போட்டால் மடமடவென்று இறங்கி, எழுபத்திரண்டு வயது மனுஷி தூக்கத்திலேயே நினைவு தப்பலாம். புது சிஸ்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் சிரிஞ்சோடு திகைத்து நின்றார்.

அப்புறம் ஏதோ தோன்றி, வார்டு மேஜை டிராயரை இழுத்தார். நாற்பது பக்க ரூல்டு நோட்டு. உள்ளே கோடு போட்டு, கட்டில் நம்பர் வாரியாக. எங்கள் கட்டிலுக்கு நேராக: 6.10, 14 யூனிட், ஒரு கையெழுத்து. சிரிஞ்ச் திரும்பிப் போனது.

மறுநாள் அந்தப் பழைய சிஸ்டரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, நோட்டெல்லாம் எதுக்கும்மான்னு ஆபீஸ்ல கேப்பாக சார். எனக்கு எழுதலைன்னா தூக்கம் வராது. இருபது வருசப் பழக்கம்" என்றார். அந்தப் பழக்கத்துக்கு நிர்வாகத்தின் அகராதியில் பெயர், இரட்டை வேலை.

தப்பாக நினைக்காதீர்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பேரேட்டுக்குத் திரும்பலாம் என்று நான் சொல்லவில்லை. ரயில் டிக்கெட்டுக்காக விடிகாலை மூன்று மணிக்கு வரிசையில் நின்ற தலைமுறை நான். எவ்வளவு ஆசை காட்டினாலும் அங்கே திரும்ப மாட்டேன். கட்டுக்கட்டாக ஃபைல் காணாமல் போனதும், அதைக் கண்டுபிடிக்கத் தனி ரேட் இருந்ததும் கையால் எழுதிய காலத்தில்தான். அடாமாவின் கப்பலிலும் கம்ப்யூட்டர்கள் இருந்தன, சார். ஒன்று விழுந்தால் மற்றதை இழுத்துக்கொண்டு விழாதபடி தனித்தனியாக இருந்தன, அவ்வளவுதான். நிஜக் கப்பலில் தண்ணீர் புகுந்தாலும் ஒரு அறையோடு நிற்கத் தடுப்புச்சுவர் வைக்கிறார்களே, அதே யோசனை.

பிரச்னை என்னவென்றால், இந்தத் தடுப்புச்சுவரும் ரூல்டு நோட்டும் கணக்குப் புத்தகத்தில் வீண் செலவாகத்தான் தெரியும். ஒரு வருஷம் ஒன்றும் ஆகாது. இரண்டாம் வருஷமும் ஆகாது. மூன்றாம் வருஷம் ஒரு புத்திசாலி வந்து, 'இது எதுக்கு சார் தண்டமா?' என்று அடித்துவிடுவார். அவருக்கு இன்கிரிமென்ட்டும் கிடைக்கும். இன்ஷூரன்ஸ் பிரீமியமும் லாப நஷ்டக் கணக்கில் செலவுப் பக்கம்தான் வரும். அதற்காக யாரும் பாலிஸியைக் கிழித்துப் போடுவதில்லை.

கேலக்டிகா தொடரை நான் மதிக்க இன்னொரு காரணம், இந்த ஆசையை அது மறைக்கவில்லை. 2005-ல் வந்த இரண்டாவது சீசனின் முதல் எபிசோடு. மற்ற கப்பல்களெல்லாம் வழிதவறிவிட்டன. அவற்றைக் கண்டுபிடிக்கக் கணக்குப் போட வேண்டும். தனித்தனிக் கம்ப்யூட்டரில் போட்டால் மணிக்கணக்காகும், எல்லாவற்றையும் இணைத்தால் நிமிஷங்களில் முடியும். அடாமா குண்டடி பட்டுக் கிடக்கிறார். இணைக்கிறார்கள். வேலை முடிகிறது. ஆட்கள் பிழைக்கிறார்கள். ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் உள்ளே வந்த வைரஸ், பல எபிசோடுகள் தள்ளித் தன் வேலையைக் காட்டுகிறது. இணைப்பதால் நிஜமாகவே லாபம் உண்டு, அதனால்தான் இணைக்கிறோம். பில் அப்புறம் வரும்.

அதே தொடரில் '33' என்று ஒரு எபிசோடு. 33 நிமிஷத்துக்கு ஒரு தடவை எதிரி வந்துவிடுகிறான். அஞ்சு நாளாக யாருக்கும் தூக்கமில்லை. அதற்குள் ஜனாதிபதி ஆகிவிட்ட அந்தக் கல்வி மந்திரியின் அறையில் ஒரு வெள்ளை போர்டு தொங்குகிறது. உயிரோடு மிச்சமிருக்கும் மொத்த மனிதர்களின் எண்ணிக்கையைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். யாராவது செத்தால் அழித்துவிட்டு எழுத வேண்டும். கடைசியில் ஒரு கப்பலில் குழந்தை பிறந்திருப்பதாகச் செய்தி வருகிறது. அந்த அம்மாள் எழுந்துபோய் 47,972-ஐ 47,973 என்று மாற்றுகிறார். டெல்லி ஏர்போர்ட் போர்டைப் பார்த்தபோது எனக்கு அந்த போர்டுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த தடவை ஏதாவது கவுன்ட்டரில் உங்களிடம், "சிஸ்டம் டவுன் சார், நாளைக்கு வாங்க" என்பார்கள். கோபப்படுங்கள், உங்கள் உரிமை. கோபம் ஆறியதும் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்: "கையால எழுதுற நோட்டு ஒண்ணு வெச்சிருக்கீங்களா?"

முழிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். ஆஸ்பத்திரியாக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.